கம்பெனி வாசலில் நான் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு நிமிடம்

போன வருஷம் மே மாதம், அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. நாங்கள் குடியிருப்பது ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகிற பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில். என் கணவர் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நானும் ஏழு வருஷம் செல்போன் கம்பெனி லைனில் நின்றவள்தான். இடுப்பு வலி வந்து வேலையை விட்ட பிறகு, கேக் செய்யக் கற்றுக்கொண்டு வீட்டிலிருந்தே ஆர்டர் எடுக்க ஆரம்பித்தேன். அபார்ட்மென்ட்டில் ஒரு பிறந்த நாள் என்றால் என் கதவைத்தான் தட்டுவார்கள் என்கிற அளவுக்கு ஒரு பெயர் வந்திருந்தது. அந்தப் பெயர் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது.

எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவள், பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையில் எச்.ஆர். அவள்தான் அந்த வாரம் வந்து கேட்டாள்.

"அக்கா, ஆப்பிள் பை செய்வீங்களா? எங்க கம்பெனியில ஒரு வெளிநாட்டு இன்ஜினியர், மூணு வருஷமா இங்கதான் இருந்தாரு. சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புறாரு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஒரு சின்ன வழியனுப்பு. அவங்க அம்மா செய்யிற ஆப்பிள் பை பத்தியே பேசிக்கிட்டு இருப்பாரு. மேல உதிரி உதிரியா மாவு தூவி இருக்குமாம்."

அதை க்ரம்ப் டாப்பிங் என்பார்கள். மைதா, நாட்டுச் சர்க்கரை, குளிர்ந்த வெண்ணெய் மூன்றையும் விரல் நுனியால் பிசிற வேண்டும், புட்டுக்கு மாவு பிசிறுகிற மாதிரி. வெந்து வரும்போது மேலே மொறுமொறுவென்று நிற்கும், கீழே ஆப்பிள் குழைந்து கிடக்கும். நான் இரண்டு மூன்று முறை செய்திருக்கிறேன். சரி என்றேன்.

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"ஒரே ஒரு விஷயம்க்கா. அவருக்கு நட்ஸ் ஆகாது. பாதாம், முந்திரி, வால்நட் எதுவும் கூடாது. கொஞ்சம் உள்ள போனாலே மூச்சு அடைச்சிரும். பையில எப்பவும் ஒரு ஊசி வச்சிருப்பாரு. மறந்துராதீங்க."

நான் மறக்கவில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வது உண்டு. வியாழக்கிழமை மாலை மேடையை இரண்டு முறை சோப்புப் போட்டுத் துடைத்தேன். மிக்ஸி ஜாரைத் தொடவே இல்லை. புது மைதா பாக்கெட் பிரித்தேன். அடி மாவைப் பிசைந்து உருண்டையாக்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். உதிரி மாவைப் பிசிறி, நீல மூடி போட்ட டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தேன். அந்த வெயிலில் வெண்ணெய் கையிலேயே உருகிவிடும், அதனால் முதல் நாளே செய்து வைத்துவிடுவது என் வழக்கம்.

அதே ஃப்ரீசரில் அதே நீல மூடி போட்ட இன்னொரு டப்பாவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆர்டருக்காக இரண்டு நாள் முன்னால் செய்தது. அதில் பாதாம் பொடி இருந்தது. தோல் உரித்த பாதாமின் பொடி மைதாவோடு கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த டப்பா எது, இந்த டப்பா எது என்று எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. பெயர் எழுதி ஒட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆப்பிளைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் பட்டைத் தூளும் போட்டுக் கலந்தேன். மாவைத் தேய்த்துத் தட்டில் விரித்தேன். ஓவனைச் சூடாகப் போட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கரன்ட் போய்விட்டது. பத்து நிமிஷத்தில் வரும் என்று நின்றேன். அரை மணி ஆனது, முக்கால் மணி ஆனது. விரித்த மாவு கசிய ஆரம்பித்தது, ஆப்பிள் தண்ணீர் விட்டது. பன்னிரண்டே முக்காலுக்குக் கம்பெனி டிரைவர் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. வேகவே ஒரு மணி நேரம் வேண்டும். நெற்றி வியர்வையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

பதினொன்று ஐந்துக்குக் கரன்ட் வந்தது. அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாமே ஓட்டம்தான். ஓவன் சூடாகிறதா என்று பார்ப்பதும், ஆப்பிளை வடிகட்டித் தட்டில் அடுக்குவதும், ஃப்ரீசரைத் திறந்து கைக்குக் கிடைத்த டப்பாவை எடுத்து மேலே தூவுவதும். காலி டப்பாவைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

டிரைவர் சரியான நேரத்துக்கு வந்தார். "ஆப்பிள் பை வாங்கிட்டு வரச் சொன்னாங்க மேடம். நான் ஏதோ ஆப்பிள் வச்ச கட்டப்பைனு நெனச்சேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பை தங்க நிறத்தில் வந்திருந்தது. ஓரத்தில் ஆப்பிள் சாறு கொப்பளித்து வழிந்து பாகாக ஒட்டியிருந்தது. மூன்று மணிக்குள் ஆறி, வெட்டினால் துண்டு நிற்கும் பதத்துக்கு வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்கூட வைத்தேன்.

இரண்டு இருபது இருக்கும். குளித்துவிட்டு வந்து, எலுமிச்சை ஜூஸுக்கு ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். நீல மூடி டப்பா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டப்பா என்றுதான் நினைத்தேன். ஐஸ் ட்ரேயை இழுக்கும்போது அது சரிந்து கையில் வந்து விழுந்தது. கனமாக இருந்தது. பாதாம் போட்டதை நான் கொஞ்சமாகத்தான் செய்திருந்தேன். அரை டப்பா கூட இருக்காது. இது விளிம்பு வரை இருந்தது.

மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். மைதா, சர்க்கரை, வெண்ணெய். வேறு எந்த ருசியும் இல்லை. இன்னொரு சிட்டிகை போட்டேன். அதிலும் இல்லை. காலையில் தூவும்போது ஓரத்தில் கொஞ்சம் பற்றாமல் போனதும், பெரிய தட்டு என்பதால் அப்படி என்று நான் நினைத்துக்கொண்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஃப்ரீசர் கதவை மூடாமலே போனை எடுத்தேன்.

எச்.ஆர். பெண்ணின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அந்தத் தொழிற்சாலையில் உள்ளே போகிறவர்கள் கேமரா போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். எட்டு முறை அடித்தேன். 'பையைக் கொடுக்காதே, பாதாம் இருக்கிறது' என்று மெசேஜ் போட்டேன். ஒற்றை டிக்கோடு நின்றது. டிரைவர் நம்பர் என்னிடம் இல்லை. கம்பெனி நம்பரைத் தேடி அடித்தால் சென்னையில் இருக்கிற தலைமை ஆபீஸ். அங்கே ஒருத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்றார். இசை ஓடியது. அந்த இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். என் கணவர் முதல் ஷிப்டில் இருந்தார். அவர் போனும் லாக்கரில்தான் இருக்கும்.

எங்கள் வீட்டிலிருந்து அந்தத் தொழிற்சாலை எட்டு ஒன்பது கிலோமீட்டர். ஆனால் அது ஷிப்ட் மாறுகிற நேரம். ஒரகடம் ஜங்ஷனில் கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நின்றன. நடுவில் கார்களை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு நீளமான லாரி வளைய முடியாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அனல் காற்று முகத்தில் அடித்தது. ஈரத் தலை காய்ந்து கண்ணில் விழுந்தது. ரோட்டோர மண்ணில் இறக்கி ஓட்டினேன். ஒரு பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் திட்டினார். வழியெல்லாம் அந்த மனுஷர் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவருக்குக் குழந்தைகள் இருக்குமா, அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா, எதுவும் தெரியாது.

கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தும்போது இரண்டு ஐம்பத்தெட்டு. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அங்கே இருந்த பெரிய நோட்டில் என் கையாலேயே எழுதினேன்.

செக்யூரிட்டி அறை ஜன்னலில் ஒரு பெண் நின்றிருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். நீலச் சட்டை, இழுத்துக் கட்டிய கொண்டை. பின்னால் தெரிந்துகொண்டேன், பக்கத்துப் பென்னலூர்க்காரி. ஜன்னல் முன்னால் நான்கைந்து லாரி டிரைவர்கள், அடையாள அட்டைக்காக நிற்கிற கான்ட்ராக்ட் ஆட்கள், ஒரு சேல்ஸ் பையன் என்று கூட்டம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலை கலைந்து, வீட்டுச் செருப்போடு, மூச்சு வாங்க ஒருத்தி வந்து நின்றால் பார்க்கத்தானே செய்வார்கள்.

"சொல்லுங்க மேடம், இன்னா விஷயம்?" என்றாள்.

சொல்வதற்குத்தான் நான் அத்தனை தூரம் வந்தேன். ஆனால் அந்த முகங்களைப் பார்த்ததும் வாயில் வேறு வார்த்தை வந்தது.

"எச்.ஆர். மேடத்தைப் பார்க்கணும். நான் அனுப்பின கேக் மாறிப் போச்சு. வேற ஒருத்தரோடது. அதைத் திருப்பி வாங்கணும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். விஷம் மாதிரி ஒன்றைச் செய்து அனுப்பினேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல நாக்கு வரவில்லை. போலீஸ் வந்துவிடும் என்று பயம். அபார்ட்மென்ட் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயம். எப்படியாவது அந்தப் பையை வெளியே வாங்கிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமல் முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு. கேக் மாறிவிட்டது என்று சொன்னாலும் அவசரமாகக் கூப்பிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

"கேக்கா?" என்றாள் அவள்.

"ஆப்பிள் பை."

"பையா? எந்தப் பை மேடம்?"

விளக்கினேன். அவள் நோட்டை நகர்த்தினாள். பெயர், நேரம், காரணம். காரணம் என்ற இடத்தில் 'கேக் மாற்ற' என்று எழுதினேன். அவள் உள் போனில் எச்.ஆர். மேஜைக்கு அடித்துப் பார்த்தாள்.

"யாரும் எடுக்கல. மீட்டிங்ல இருப்பாங்க. பஸ்ஸு உள்ள வர்ற நேரம் மேடம், நாங்க ஒவ்வொண்ணா செக் பண்ணிக்கினு கீறோம். அங்க சேர் கீது, உக்காருங்க. வந்ததும் சொல்றேன்."

"கொஞ்சம் அவசரம்" என்றேன்.

"எல்லாருக்கும் அவசரம்தான் மேடம். கேக்குதான, எங்கயும் போவாது."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கேக் மாறியது என்பது யாருக்கும் அவசரம் இல்லை. நான் போய் அந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. முதலில் உரை நிகழ்த்துவார்கள், மாலை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், பையை வெட்ட மூன்றரை ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எச்.ஆர். பெண் எப்படியும் போனைப் பார்ப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். நடுவில் இரண்டு முறை எழுந்து ஜன்னலுக்குப் போனேன். இரண்டு முறையும் அந்தச் செக்யூரிட்டி பெண் ஒரு பஸ்ஸைக் கை காட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் எப்போதும் நாலு பேர். சொல்லலாம் என்று வாயைத் திறந்து, "எச்.ஆர். மேடம்..." என்று மட்டும் கேட்டுவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன்.

அப்போதுதான், மதியம் என் வீட்டுக்கு வந்து பையை வாங்கிப் போன டிரைவர் உள்ளேயிருந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன மேடம் இங்க? உங்க பை சூப்பர். ஹால்ல வச்சு எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. சார் இப்பத்தான் கத்திய கையில எடுத்தாரு. எனக்கும் ஒரு பீஸ் எடுத்து வைக்கறேன்னாங்க."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஜன்னலில் நின்ற ஆட்களை இரண்டு கையாலும் விலக்கினேன்.

"நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். "கேக் மாறல. அதுல பாதாம் இருக்கு. அந்த சாருக்குப் பாதாம் ஆகாது. சாப்பிட்டா மூச்சு நின்னுடும். நான்தான் தப்பா போட்டுட்டேன். இப்ப வெட்டிக்கிட்டு இருக்காங்க."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

உள் போனை எடுத்து ஹாலுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. உடனே முதலுதவி அறைக்கு அடித்து, "சிஸ்டர், ஃபேர்வெல் ஹாலுக்கு ஓடுங்க. வெளிநாட்டு சாருக்கு ஆகாதது கேக்குல கீது, பாதாம். ஊசி எடுத்துக்கினு போங்க" என்றாள். போனை வைத்த கையோடு பக்கத்தில் நின்ற காவலாளியிடம் "கேட்ட பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி ஜன்னலில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். வாசலில் பணியில் இருக்கிறவர்கள் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. அது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. நான் பார்த்ததெல்லாம் அந்த வெயிலில், கனமான கறுப்பு ஷூவோடு, கார் நிற்கிற இடத்தைத் தாண்டி ஓடுகிற ஒரு நீலச் சட்டைதான்.

என்னை உள்ளே விடவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பி கொதித்தது, கையை எடுக்கத் தோன்றவில்லை. சேல்ஸ் பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான், வாங்கிக்கொள்ளக்கூட முடியவில்லை. வாசல் ஓரமாக நிழலில் நின்றிருந்த ஆம்புலன்ஸ் திடீரென்று கிளம்பி உள்ளே போனது. அப்போது புரிந்துவிட்டது, அவர் சாப்பிட்டுவிட்டார்.

ஆம்புலன்ஸ் வெளியே வரும்போது பின் கண்ணாடி வழியாக எச்.ஆர். பெண்ணின் முகம் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சைரன் சத்தத்தின் பின்னாலேயே ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் போனேன். எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எச்.ஆர். பெண் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் பக்கத்தில் போனதும் விலகிக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"வாயில வைக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட கேட்டாருக்கா. நட்ஸ் இல்லையேன்னு. நான் இல்லைன்னு தலையாட்டினேன். உங்கள நம்பித்தானக்கா ஆட்டினேன்."

நான் எதிர்ச் சுவர் ஓரமாக நகர்ந்து நின்றேன்.

அவள் வாயிலிருந்து துண்டு துண்டாகக் கேட்டதை வைத்து நடந்தது புரிந்தது. அவர் ஒரு ஸ்பூன் வாயில் வைத்து, கண்ணை மூடி ருசித்திருக்கிறார். இரண்டாவது ஸ்பூன் எடுக்கும்போது நாக்கு அரிக்கிறது என்றிருக்கிறார். பட்டைத் தூள் காரமாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். உதடு தடிக்க ஆரம்பித்த நேரத்தில் செக்யூரிட்டி பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அத்த சாப்பிடாதீங்க, பாதாம், பாதாம்" என்று கத்தியிருக்கிறாள். அவள் பின்னாலேயே நர்ஸ். அவருடைய ஊசி இருந்த பை வேறு மாடியில். நர்ஸ் கையிலேயே மருந்து கொண்டுவந்ததால், என்ன ஏது என்று யோசிக்காமல் தொடையில் போட்டுவிட்டார். அதற்குள் அவருக்கு மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்திருந்தது.

ஐந்து மணி வாக்கில் டாக்டர் வெளியே வந்து, ஆபத்து தாண்டிவிட்டது, ஆனாலும் நாளை வரை கவனிக்க வேண்டும், அதனால் பயணம் தள்ளிப் போகும் என்றார். எச்.ஆர். பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

அவர் என்னைப் பார்க்க வேண்டும் என்றாராம். போகவே கூடாது என்று இருந்தது. போனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். முகம் இன்னும் வீங்கி, கண் இடுக்காகத் தெரிந்தது. நான் கை கூப்பி, தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர் மெதுவாகப் பேசினார், எச்.ஆர். பெண் தமிழில் சொன்னாள்.

"வேற ஒரு ஊர்ல, ஒரு ஓட்டல்ல இவருக்கு இதே மாதிரி ஆச்சாம். சாப்பாட்டுல நட்ஸ் இல்லவே இல்லைன்னு அவங்க கடைசி வரைக்கும் சாதிச்சாங்களாம். என்னன்னு தெரியாம டாக்டருங்க ரொம்ப நேரம் திணறிட்டாங்களாம். நீங்க செஞ்ச தப்ப நீங்களே ஓடி வந்து சொன்னீங்க, அதுக்கு நன்றின்னு சொல்றாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஓடிவந்தது உண்மை. வந்து உட்கார்ந்திருந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அறையிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கு என்னுடைய இரண்டாவது பொய் அது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "வாசல்ல இருந்த அந்தப் பொண்ணு என்ன ஆவா?" என்று மட்டும் கேட்டார். லைனில் ஒரு தப்பு நடந்தால் முதலில் யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அதுவரை அந்த நினைப்பே வரவில்லை.

மறுநாள் காலை என்னைக் கம்பெனிக்கு வரச் சொன்னார்கள். செக்யூரிட்டி அதிகாரியின் அறை. எச்.ஆர். பெண்ணும் அவளுடைய மேலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். செக்யூரிட்டி பெண் சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மேஜை மேல் நேற்று நான் எழுதிய நோட்டு விரிந்திருந்தது.

அதிகாரி அவளைப் பார்த்தே பேசினார்.

"இந்த மேடம் வந்தது ரெண்டு ஐம்பத்தெட்டு. நீ முதலுதவி அறைக்கு போன் பண்ணது மூணு பத்து. நடுவுல பன்னிரண்டு நிமிஷம். சார் சாப்பிட்டது மூணு எட்டுக்கு. வந்தவங்கள விசாரிக்காம உக்கார வச்சிருக்க. அப்புறம் டியூட்டி இடத்தை விட்டு ஓடியிருக்க. என்ன பதில் சொல்ற?"

"பஸ் செக்கிங்ல இருந்தேன் சார்" என்றாள் அவள்.

"அவங்க என்ன சொன்னாங்க உன்கிட்ட?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். "கேக் விஷயமா வந்தாங்க சார். நான் கவனிக்கல."

பொய் சொன்னவள் நான், அதை மறைத்துப் பழியை ஏற்றுக்கொண்டு நிற்கிறவள் அவள். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான் அந்த நேரத்தில் உடனே பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து காகிதத்தில் எழுத ஆரம்பிக்கும் வரை நான் பேசவில்லை. அவளுடைய பின்னால் கட்டிய கை, ஒரு விரலை இன்னொரு விரல் நெரித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

"சார், அவங்க மேல தப்பே இல்ல. நான் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லல. கேக் மாறிப் போச்சுன்னு பொய் சொன்னேன். நோட்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன், பாருங்க. நாலு பேர் முன்னாடி அசிங்கமாயிடும்னு பயந்தேன். வந்த உடனே நான் சொல்லியிருந்தா சார் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டார். நான் சொன்ன அடுத்த நிமிஷம் அவங்க ஓடினாங்க. அவங்க ஓடலைன்னா..."

அதிகாரி நோட்டில் என் கையெழுத்தைப் படித்தார். எச்.ஆர். பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முந்தின நாள் பார்த்ததைவிட அந்தப் பார்வை கடினமாக இருந்தது. அதுவும் நியாயம்தான்.

எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன். இன்ஜினியருக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். புகார் எதுவும் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தகவல் இல்லை. அவர் ஊருக்குப் போய்விட்டார். அந்தக் கம்பெனியில் அதற்குப் பிறகு வெளிச்சாப்பாடு எதையும் உள்ளே விடுவதில்லை. எச்.ஆர். பெண்ணுக்கு மெமோ கொடுத்தார்கள். ஐந்து மாதம் அவள் என்னோடு பேசவில்லை. லிஃப்டில் நான் இருந்தால் படியேறிப் போவாள். தீபாவளி சமயத்தில் ஒருநாள் அவளாகவே "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், அது போதும்.

நான் மூன்று மாதம் ஓவனைத் தொடவில்லை. அபார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நானே சொன்னேன். சிலர் ஆர்டர் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சிலர் இன்னும் கொடுக்கிறார்கள். இப்போது எங்கள் வீட்டுக்குள் பாதாமோ முந்திரியோ வருவதில்லை, என் கணவருக்குச் செய்கிற கேசரியில்கூட வெறும் திராட்சைதான்.

செக்யூரிட்டி பெண்ணின் வேலை போகவில்லை. இடத்தைவிட்டுப் போனதற்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்களாம். இதை அவளே சொன்னாள். ஆறேழு மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தாள். யூனிபார்ம் இல்லாமல் எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவள்தான் கூப்பிட்டாள். நான் நின்ற இடத்திலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் கையை ஆட்டித் தடுத்தாள்.

"வுடுங்க மேடம். உங்க மூஞ்சியப் பாத்தப்பவே எனக்குத் தோணிச்சு, இது கேக்கு மேட்டர் இல்ல, வேற இன்னாவோ கீதுன்னு. ரெண்டு தபா எழுந்து எழுந்து வந்தீங்க. நானும் கேட்டிருக்கணும். கேக்கல. அதான் அன்னிக்கு ஒண்ணும் சொல்லாம நின்னேன்."

அவள் கீரைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனாள்.

டப்பா மாறியதை நான் என்னளவில் மன்னித்துவிட்டேன், அவசரத்தில் யாருக்கும் கை தவறலாம். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்ததை மட்டும் மன்னிக்க முடியவில்லை. இன்றைக்கும் எதிலாவது ஒரு தவறு செய்துவிட்டால், என்னைக் காப்பாற்றிக்கொள்கிற வார்த்தைதான் முதலில் நாக்கில் வந்து நிற்கிறது. அதை விழுங்கிவிட்டு நடந்ததை நடந்தபடி சொல்ல நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.